காற்றில் வரும் பாடம் ஏன் தாமதிக்கிறது?

பொறுமை கடலினும் பெரிது என்பது முன்னோர் மொழி. ஆயினும், மடிக்கணனியைத் திறந்து, கடவுச்சொல்லைப் பதித்துவிட்டு, திரையிலே சுழன்றுகொண்டிருக்கும் சிறு வட்டத்தை நோக்கியபடி அமர்ந்திருக்கும் மாணவனுக்கு அம்மொழி ஆறுதல் தருவதில்லை. பாடம் ஏழு மணிக்குத் தொடங்கிவிட்டது. ஏனைய மாணவர்கள் கேள்வி கேட்கவும் தொடங்கிவிட்டனர். இவன் முன்னால் மட்டும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. ஈற்றில், "லைன் இல்லை" என்று சொல்லிக் கணனியை மூடிவிடுகிறான். அருகிலிருக்கும் தாயோ, பிள்ளைக்குப் படிக்க மனமில்லையோ என்று ஐயுறுகிறாள்.

"லைன் இல்லை" என்னும் இரு சொற்கள், ஒன்றோடொன்று தொடர்பற்ற பத்துப் பன்னிரண்டு குறைகளுக்கு நாம் இட்டிருக்கும் ஒரே பெயராகும். காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அறிகுறி. எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் வைத்தியனை நாம் நம்புவதில்லை. ஆனால், கணனி மெதுவாக இயங்கினால் மட்டும், மேலும் பணம் கட்டிப் பெரிய தரவுப் பொதியை வாங்குவதே மருந்து என்று எண்ணிவிடுகிறோம். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா சம்பளம் பெறுவதற்கே 2021ஆம் ஆண்டுவரை போராடவேண்டியிருந்த மலையகச் சமூகத்தில், பயனற்ற மருந்துக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் ஓர் இழப்பன்றோ? ஆதலின், தாமதம் எங்கே நிகழ்கிறது என்று கண்டறியும் முறையை ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் நன்று. அதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. சற்று நிதானம் இருந்தாற் போதும்.

ஒற்றைத் தண்டவாளம்

ஊவா மாகாணத்துத் தெமோதரைக்குப் புகையிரதத்திற் சென்றோர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். எல்லவிலிருந்து, 1921ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்துவரும் வண்டி, தெமோதரை நிலையத்தில் நின்று புறப்பட்டதும் குன்றை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து செல்லும். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்ட பொறியியலாளர், அதிலிருந்தே இந்தச் சுற்றுப் பாதையைக் கற்பனை செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், பாதை 1924ஆம் ஆண்டிற் பதுளையை எட்டியது.

இப்பாதை நமது பொருளுக்கு இரண்டு உண்மைகளைக் கற்பிக்கிறது. முதலாவது, கண்ணுக்கு அருகில் இருப்பதெல்லாம் பாதைக்கும் அருகில் இருப்பதில்லை என்பது. நிலையத்திலிருந்து சுரங்கம் கூப்பிடு தூரந்தான். வண்டியோ குன்றைச் சுற்றியே அங்கு வரவேண்டும். இரண்டாவது, மலைநாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை என்பது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் செல்லலாம். நிலைய அதிபர் சாரதியின் கையிற் கொடுக்கும் அடையாளத் தட்டுத்தான் அப்பகுதியினுள் நுழைவதற்குரிய உரிமைச் சீட்டு.

வீட்டிலுள்ள வைஃபை என்னும் கம்பியில்லா இணைப்பும் ஒற்றைத் தண்டவாளமே. ஓர் அலைவரிசையில் ஒரு கணத்தில் ஒரு கருவிதான் பேசலாம். ஆனால், இங்கே நிலைய அதிபர் இல்லை. அடையாளத் தட்டும் இல்லை. ஒவ்வொரு கருவியும் பேசுமுன் செவிகொடுத்துக் கேட்கிறது. அலை அமைதியாக இருந்தால், குறிப்பற்ற ஒரு சிறு பொழுது காத்திருந்து பேசத் தொடங்குகிறது. இரண்டு ஒரே சமயத்தில் வாய்திறந்தால் இரண்டு பேச்சும் கெடும். மறுபடியும் காத்திருந்து பேசவேண்டும். 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில், நோர்மன் ஏப்ரம்சன் என்பாரின் தலைமையில், தீவுகளிலுள்ள கணனிகளை வானொலி அலைகளால் இணைத்த 'அலோஹா' வலைப்பின்னலே இத்தகைய பொதுவழிப் பேச்சுக்கு முன்னோடி. அவ்வழி வந்த முறைக்கு 1997ஆம் ஆண்டில் உலகப் பொதுநியமம் வகுக்கப்பட்டது. 'வைஃபை' என்னும் பெயர் 1999ஆம் ஆண்டிற் சூட்டப்பட்டது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பேசுவோர் தொகை மிகுந்தால் ஒவ்வொருவரும் காத்திருக்கும் நேரமும் மிகும். மேலும், தொலைவிலிருந்து தட்டுத்தடுமாறி மெதுவாகப் பேசும் கருவி ஒன்று இருப்பின், அது அலையை நெடுநேரம் பிடித்துக்கொண்டு ஏனையோரையும் தாமதிக்கச் செய்யும். பசறை வீதியின் ஏற்றத்தில், கொழுந்து ஏற்றிய லொறிக்குப் பின்னால் ஊர்ந்துசெல்லும் பேருந்தின் நிலைதான் அது. பேருந்தில் யாதொரு பழுதுமில்லை. முன்னே செல்வது மெதுவாகச் செல்கிறது.

இரண்டு பாதைகள்

நகரத்திற் பல வீடுகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டது. தோட்டப்புறங்களிற் பெரும்பாலும் சிம் அட்டை செருகிய ரவுட்டர் என்னும் சிறு பெட்டியோ, கையடக்கத் தொலைபேசியோதான் இணையத்தைக் கொண்டுவருகிறது. ஆகவே, அங்கே பாடம் இரண்டு வானலைப் பாதைகளைக் கடந்து வருகிறது. மலையிலுள்ள கோபுரத்திலிருந்து பெட்டிவரை ஒன்று. பெட்டியிலிருந்து மடிக்கணனிவரை மற்றொன்று. முதலாவது வெளிப்பாதை, இரண்டாவது வீட்டுப்பாதை.

திரையின் மூலையில் நாம் காணும் விசிறி போன்ற அடையாளம் வீட்டுப்பாதையை மட்டுமே குறிப்பது. அது முழுமையாக இருப்பதைக் கண்டு, "சிக்னல் நிறைய இருக்கிறது, ஆனாலும் வரவில்லை" என்று வியப்போர் பலர். வியப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டு வாசலிலிருந்து பெருந்தெருவரை பாதை செப்பனாக இருக்கலாம். பெருந்தெருவில் மண்சரிவாக இருக்கலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும். முதலாவது, மடிக்கணனியைப் பெட்டிக்கு அருகே, ஓரிரு முழ தூரத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே விரைவாகவும் படிக்கும் மேசையில் மெதுவாகவும் இருப்பின், குறை வீட்டுப்பாதையில் உள்ளது. இரண்டாவது, அருகில் வைத்தும் மெதுவாக இருந்தால், அதே வைஃபையில் ஒரு தொலைபேசியை இணைத்துப் பாருங்கள். தொலைபேசி விரைவாகவும் கணனி மெதுவாகவும் இருப்பின், குறை கணனியில் உள்ளது. மூன்றாவது, இரண்டுமே மெதுவாக இருப்பின், அதே சோதனையை விடியற்காலையிற் செய்து பாருங்கள். காலையில் விரைவும் இரவு எட்டு மணிக்குத் தாமதமுமாயின், கோபுரத்தில் நெரிசல் என்று அறியலாம். எந்நேரமும் தாமதமாயின், பெட்டி நிற்கும் இடமோ, பொதியின் அளவு முடிந்தமையோ காரணமாகலாம். அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் பொதிகளும் உண்டு. கணனியிற் கம்பி செருகும் துளை இருந்தால், ஒரு கம்பியாற் பெட்டியுடன் நேரே இணைத்துப் பார்ப்பது இவையனைத்திலும் உறுதியான சோதனை. கம்பியில் விரைவும் காற்றில் தாமதமும் கண்டால், வழக்கு முடிந்தது.

தெமோதரையை அடுத்த தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு வந்து பயிலும் மாணவி ஒருத்தி, தன் வீட்டில் இரண்டாவது பொதியும் வாங்கிவிட்டதாகவும், வேகத்தில் மாற்றமே இல்லை என்றும் கூறினாள். "காசையும் கட்டிப் பார்த்தாச்சு, புள்ள, இதுக்கு மேல என்ன செய்யிறது?" என்று தந்தை அலுத்துக்கொண்டாராம். மேற்கூறிய மூன்று சோதனைகளையும் அவள் ஒரு மாலைப்பொழுதிற் செய்தாள். பெட்டி, களவு போகாதிருக்கும் பொருட்டு இரும்பு அலுமாரியினுள் வைக்கப்பட்டிருந்தது! அதனை வெளியில் எடுத்து, கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலின் மேல் தட்டொன்றில் வைத்தனர். இரண்டாவது பொதிக்கு அதன்பின் பணம் கட்டவில்லை.

தகரமும் மூடுபனியும்

வைஃபை அலைகளில் ஒரு வகை 2.4 கிகாஹேட்ஸ் அதிர்வெண் உடையது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாண் அளவிலும் குறைவு. மற்றொரு வகை 5 கிகாஹேட்ஸ்; அலைநீளம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். முன்னது மெதுவானதாயினும் சுவரைத் தாண்டி நெடுந்தூரம் செல்லும். பின்னது விரைவானது, ஆனால், ஓரிரு சுவர்களிலேயே களைத்துவிடும். அறை ஒன்றாயின் 5 உம், சுவர்கள் இடைப்படின் 2.4 உம் ஏற்றவை. 1895ஆம் ஆண்டளவிற் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திரபோஸ், கண்ணுக்குத் தெரியாத குறுகிய அலைகளைச் சுவரினூடே அனுப்பி மணியடிக்கச் செய்து காட்டினார். சுவர் அலையைத் தளர்த்துமேயன்றி முற்றாகத் தடுப்பதில்லை என்பதற்கு அதுவே சான்று.

உலோகம் அவ்வாறன்று. அது அலையைத் திருப்பி எறிந்துவிடும். பழைய லயன் காம்பராக்களின் தகரக் கூரையும், காற்றுக்காக அடித்த தகரத் தடுப்பும், இரும்பு அலுமாரியும், முகம்பார்க்கும் கண்ணாடியின் பின்னுள்ள உலோகப் பூச்சும் அலைக்கு அணைகளாகும். நீரும் அலையை உறிஞ்சும் இயல்புடையது. ஆகையாற் பெரிய தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னாற் பெட்டியை வைத்தல் ஆகாது. பெட்டி உயரத்திலும் திறந்த இடத்திலும் இருத்தல் வேண்டும்.

மலையக வீடுகளில் மூடுபனியின்மேல் ஒரு பெரும்பழி உண்டு. "பனி இறங்கிவிட்டது, இனி லைன் வராது" என்பர். பனி இப்பழிக்கு உரியதன்று. இவ்வதிர்வெண்களில் மூடுபனியாலும் சாதாரண மழையாலும் வீட்டுத் தூரத்துக்குள் ஏற்படும் இழப்பு கணக்கில் எடுக்கத்தக்கதன்று. மழை பெருந்தடையாவது 10 கிகாஹேட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்கே. ஆனால், கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அடர்ந்து நிற்கும் மரங்களின் நனைந்த இலைகள் அலையைச் சற்று விழுங்கும். மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டு மீள்வதும், எல்லோரும் வீட்டினுள் அடைந்து ஒரே கோபுரத்தை நாடுவதும் நிகழ்கின்றன. பனியின் தலையில் ஏற்றிய குற்றத்தை உண்மையிற் செய்தவை பெரும்பாலும் இவையே.

லயன் குடியிருப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் சுவரோடு சுவராக நிற்கும் வரிசையில், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி அலைபரப்பினால், அவையனைத்தும் ஒரே தண்டவாளத்துக்குப் போட்டியிடுகின்றன. 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் 13 வழிகள் எண்ணிட்டுக் காணப்படினும், ஒன்றன்மேல் ஒன்று படாதவை 1, 6, 11 என்னும் மூன்றே. அயலார் மூவரும் கலந்து பேசி, வழிக்கு ஒருவராகப் பெட்டிகளை அமைத்துக்கொண்டால் மூவருக்கும் நன்மை. பீலியில் முறைவைத்துத் தண்ணீர் பிடித்துப் பழகிய மக்களுக்கு இது புதிய பாடமன்று. அயலவர் பெட்டியைக் காட்டிலும் உரத்த பெட்டியை வாங்குவது, பீலியில் இடித்துத் தள்ளுவதை ஒக்கும்.

சிறு பொருள்களும் இடையூறு செய்யும். நுண்ணலை அடுப்பும் புளூடூத் கருவிகளும் இதே பட்டையிற் பேசுகின்றன. கணனியிற் செருகும் யூ.எஸ்.பி. 3.0 வகைப் புறவட்டுகளும் அவற்றின் கம்பிகளும் 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் இரைச்சலை எழுப்பவல்லவை என்பதை இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து வெளியிட்டது. புறவட்டைச் செருகியதும் இணைய வேகம் குறைந்தால், அதனைக் கழற்றிப் பார்த்தல் நலம்.

பிரட்டுக்களத்தில் முறை

இனி, கணனி வலைப்பின்னலினுள் நுழையும் வேளையில் மட்டும் தாமதிப்பதேன் என்று பார்ப்போம். தோட்டத்திற் காலைப் பிரட்டை அறியாதார் இலர். தொழிலாளர் களத்துக்கு வருவர், பேர் கூப்பிடப்படும், இன்ன மலையில் இன்ன வேலை என்று சொல்லப்படும், அதன்பின்பே வேலை தொடங்கும். மடிக்கணனியும் அவ்வாறே படிகளைக் கடக்கிறது. முதலிற் பழகிய வைஃபையின் பெயரைத் தேடுகிறது. அடுத்து, கடவுச்சொல்லை அறிந்திருப்பதை மெய்ப்பிக்கிறது. மூன்றாவதாக, பெட்டியிடம் தனக்கென ஓர் எண்முகவரி கேட்டுப் பெறுகிறது. நான்காவதாக, தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் பெயரேட்டை அணுகுகிறது. எல்லாம் செவ்வனே நடந்தால் இவை சில விநாடிகளில் முடியும்.

எந்தப் படியிற் காத்திருக்கிறது என்பதைக் கணனியே காட்டிவிடும். வலைப்பின்னல் விவரப் பக்கத்தில் 169.254 என்று தொடங்கும் எண்முகவரி தோன்றினால், கணனி கேட்டும் முகவரி கிடைக்கவில்லை. கிடையாததால் தானாகவே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். பெட்டியை அணைத்து, அரை நிமிடம் கழித்து ஏற்றி, கணனியிற் பழைய இணைப்பை 'மறக்க'ச் செய்து புதிதாக இணைப்பதே இதற்கு எளிய பரிகாரம். முகவரி கிடைத்தும் எந்தத் தளமும் திறக்காமல், முன்னரே திறந்திருந்த உரையாடல் மட்டும் தொடர்ந்தால், பெயரேட்டின்மேல் ஐயுறலாம்.

சற்று ஆழ்ந்து நோக்க விரும்பும் மாணவர்கள் 'பிங்' என்னும் கட்டளையைப் பழகிக்கொள்க. 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் இயற்றிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் முறையை ஒட்டிப் பெயர் பெற்றது. முதலில் வீட்டுப் பெட்டியின் எண்ணை நோக்கி அதனை ஏவுக. எதிரொலி சில மில்லிவிநாடிகளில் ஒரே சீராக வந்தால் வீட்டுப்பாதை நலம். பின்னர் 8.8.8.8 என்னும் எண்ணை நோக்கி ஏவுக. இங்கே எதிரொலி ஏறியிறங்கினால் அல்லது தொலைந்தால் வெளிப்பாதையிற் குறை. ஈற்றில் ஒரு தளத்தின் பெயரை நோக்கி ஏவுக. எண் பதிலளித்துப் பெயர் பதிலளியாவிடில் பெயரேட்டிற் குறை. மூன்று வினா, மூன்று விடை, ஊகத்துக்கு இடமில்லை.

திறந்தவுடன் எழும் ஆரவாரம்

சில கணனிகள் இணைவதில் தாமதிப்பதில்லை. இணைந்த முதல் அரைமணி நேரந்தான் தவழும், பின்னர் ஓடும். இதன் காரணம் பெரும்பாலும் காற்றில் இல்லை, கணனியினுள்ளேயே உண்டு. வாரம் முழுதும் உறங்கிய கணனி கண் விழித்ததும், அதனுள் வாழும் நிரல்கள் எல்லாம் ஒருங்கே எழுந்து தத்தம் கடமையைத் தொடங்குகின்றன. இயங்குதளம் புதுப்பிப்பைக் கேட்கும். வைரஸ் காவல் தன் ஏட்டைப் புதுக்கும். ஒளிப்படங்கள் மேகக் களஞ்சியத்துக்கு ஏறும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகத்தை மெகாபிற் என்று அளக்கிறோம். கோப்பை மெகாபைற் என்று அளக்கிறோம். எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு பைற். விநாடிக்கு 4 மெகாபிற் வேகமுள்ள இணைப்பில், 1 கிகாபைற் அளவுள்ள புதுப்பிப்பு இறங்க ஏறத்தாழ 2,000 விநாடிகள், அதாவது 33 நிமிடங்கள் ஆகும். ஏழு மணிப் பாடத்துக்கு ஆறு ஐம்பத்தெட்டுக்குக் கணனியைத் திறந்தால், அந்த 33 நிமிடங்களிற் பெரும்பகுதி பாடத்தின் நேரத்திலிருந்தே எடுக்கப்படும். ஆகவே, பாடத்துக்கு முந்திய இரவிலே கணனியைத் திறந்துவைத்து அதன் பசியை ஆற்றிவிடுங்கள். விண்டோஸ் இயங்குதளத்தில் அந்த வைஃபையை 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று குறித்துவைத்தால், பெரும்பாலான புதுப்பிப்புகள் அனுமதியின்றி இறங்கமாட்டா. கணனி திறக்கும்போதே தாமாக எழும் தேவையற்ற நிரல்களை நிறுத்திவைப்பதும், மின்கலத்தைச் சேமிக்கும் முறை வைஃபைக் கருவியையும் உறங்க வைக்கிறதா என்று பார்ப்பதும் பயன் தரும்.

பல்கலைக்கழக வாசலில்

வீட்டில் நன்றாக இயங்கிய கணனி பல்கலைக்கழகத்திலோ அலுவலகத்திலோ தடுமாறுவதும் உண்டு. அங்கே கடவுச்சொல் பெட்டியோடு முடிவதில்லை. ஒவ்வொருவரின் பெயரும் தனித்தனியே ஒரு சேவைக் கணனியிற் சரிபார்க்கப்படுகிறது. 'எடுரோம்' என்னும் உலகளாவிய கல்விச் சேவையில், வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவரின் விண்ணப்பம் அவருடைய சொந்தப் பல்கலைக்கழகம்வரை சென்று, அங்கிருந்து ஒப்புதல் பெற்றே திரும்பும். இலங்கையில் இச்சேவையைக் கல்வி ஆராய்ச்சி வலைப்பின்னலான 'லேர்ன்' நடத்துகிறது.

இச்சரிபார்த்தலில் கணனியின் கடிகாரத்துக்கும் பங்குண்டு. பழைய மடிக்கணனியின் உள்ளே கடிகாரத்தைக் காக்கும் சிறு மின்கலம் வலுவிழந்தால், ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். அந்நிலையிற் சேவைக் கணனி காட்டும் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வராதது என்று கணனி மயங்கி அதனை மறுத்துவிடும். கைமாறி வந்த கணனிகளைப் பயன்படுத்தும் மாணவர்கள் பலராதலின், நாளும் நேரமும் சரியா என்று முதலிற் பார்ப்பது அரைநாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அலுவலகக் கணனிகளில் மற்றொரு தாமதம் உண்டு. கடவுச்சொல் பதித்ததும் அது அலுவலகச் சேவைக் கணனியைத் தேடும். வைஃபை இன்னும் இணைந்திராது. கணனி காத்து நிற்கும். சில இடங்களில் ஒவ்வொருவருடைய மேசைத்தளமும் சேவைக் கணனியிலிருந்து நுழையும்போது இறங்கி, வெளியேறும்போது ஏறும். அத்தகைய மேசைத்தளத்தில் திருமண ஒளிப்படங்களையும் திரைப்படங்களையும் குவித்துவைத்தால், அவையும் காலைதோறும் காற்றிலே பயணம் செய்யும். நுழைவுத் திரையிலேயே வைஃபை இணைந்ததைப் பார்த்துப் பின் கடவுச்சொல்லைப் பதித்தலும், மேசைத்தளத்தைத் துப்புரவாக வைத்தலும் நற்பழக்கங்கள்.

வீட்டின் எல்லைக்கு அப்பால்

இத்தனையும் செய்தும் தீராத தாமதம் உண்டு. கோபுரமே எட்டாத மடுவில் வாழும் பிள்ளை பெட்டியை எங்கே வைத்தாலும் பயனில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்ட பின், இந்த வேறுபாடு நாடறிய வெளிப்பட்டது. 2021ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியில், மலைமேல் அமைந்த மரவீடொன்றுக்குப் பிள்ளைகளைப் பெரியோர் அழைத்துச்சென்று பாடம் கற்கச் செய்ததை உலகச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. அப்பிள்ளைகளுடைய தாமதம் சோம்பலால் வந்ததன்று, மலையினால் வந்தது.

பெருந்திட்டங்களும் வந்து போயின. வானிற் பலூன்களை மிதக்கவிட்டு நாடெங்கும் இணையம் பரப்பும் கூகிளின் 'லூன்' திட்டத்துக்கு 2015ஆம் ஆண்டில் இலங்கை உடன்பட்டது. 2016 பெப்ரவரியிற் சோதனைப் பலூன் ஒன்று கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் இறங்கிக் கிடந்ததை ஊரார் கண்டனர். அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கலால் அம்முயற்சி இங்கே தழைக்கவில்லை. 2021 ஜனவரியில் லூன் திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தனர். 2025 ஜூலையில் செயற்கைக்கோள் வழியான ஸ்டார்லிங்க் சேவை இலங்கையில் தொடங்கிற்று. வானம் எங்கும் ஒன்றேயாயினும், தோட்டக் குடும்பத்தின் வருவாய்க்கு எட்டும் விலையில் அது இறங்கிவரவேண்டும். ஒரு லயத்தார் சேர்ந்தோ, ஒரு வாசிகசாலையை நடுவாகக் கொண்டோ பகிர்ந்து பயன்படுத்தும் வழிகளைச் சங்கங்களும் பாடசாலைகளும் எண்ணிப் பார்க்கலாம்.

அதுவரை, வீட்டின் குறை எது, வெளியின் குறை எது என்று பிரித்தறியும் அறிவே நமக்குப் பெருந்துணை. வெளிப்பாதையிற் குறையென்றால், "லைன் இல்லை" என்று முறையிடாமல், "இன்ன திகதி, இன்ன நேரம், பெட்டிக்கருகில் இன்ன வேகம், காலையில் இன்ன வேகம்" என்று ஒரு வாரக் கணக்கை எழுதிக்கொண்டு சேவை தருவோரிடம் செல்லுங்கள். வெறும் முறைப்பாட்டைத் தட்டிக்கழித்தல் எளிது; கணக்கைத் தட்டிக்கழித்தல் அத்துணை எளிதன்று. பேர்ப்புத்தகத்தில் எழுதிய கொழுந்தின் நிறையைத் தாமும் நினைவில் வைத்துச் சரிபார்த்த பாட்டிமார் பலர் நம் தோட்டங்களில் வாழ்ந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் தமக்கு வந்துசேரவேண்டிய வேகத்தையும் அவ்வாறே நிறுத்துப் பார்க்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை வட்டம் சுழலும்போது பிள்ளையைக் கடிந்துகொள்ளாது, "பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். கோபத்தால் ஒரு விநாடியும் குறையாத தாமதம், அந்த ஒரு கேள்வியாற் பல வேளைகளிற் குறைந்துவிடும்.